மூன்று படி அரிசியும் மலைக்கோட்டை நகரமும்

காவிரிக்கரை அரசியல் – வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 17

1966 ஜூன் 6. இந்திய ரூபாயின் மதிப்பை இந்திரா காந்தி அரசு குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு கொடுத்த இந்தியா, அன்றிலிருந்து 7 ரூபாய் 50 காசு கொடுக்க வேண்டியதாயிற்று. திருச்சி பெரிய கடை வீதியில் அரிசி வாங்கப் போனவருக்கு டாலரோடு நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் அரசாங்கமே தன் நாணயத்தின் மதிப்பை இறக்கிவிட்டது என்ற செய்தி அவருக்குப் புரிந்தது. ஏற்கெனவே அரிசி கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவருக்கு, இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. முடிவை டெல்லியில் எடுத்தபோது காங்கிரசின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர் காமராஜர். அவருக்கே அதில் உடன்பாடில்லை. சொந்தக் கட்சித் தலைவருக்கே பிடிக்காத முடிவை வாக்காளரிடம் நியாயப்படுத்த வேண்டிய நிலைக்கு மதராஸ் மாநிலக் காங்கிரஸ் தள்ளப்பட்டது.

சென்ற அத்தியாயத்தில் 1946-ஆம் ஆண்டுப் பொன்மலை ரயில்வே தொழிலாளர் போராட்டத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் பார்த்தோம். அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வாக்காளர்களாக வளர்ந்த காலம் இது. கஷ்ட காலத்தில் பொருளாதாரத்தின் மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கையைக் கட்சிகள் எப்படி ஆக்குகின்றன, எப்படி அழிக்கின்றன என்பதைத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் போலத் தெளிவாகக் காட்டும் ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அதைப் புரிந்துகொள்ள 1952-க்குப் போக வேண்டும்.

ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தபோது

ராஜாஜிக்கும் திருச்சிக்கும் பழைய உறவு. 1930 ஏப்ரலில் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்துதான். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். அந்த யாத்திரை நடந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1952 ஏப்ரலில், ராஜாஜி சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். காலம் மிகக் கடினமானது. ஆண்டு தவறாமல் மழை பொய்த்து வந்தது. உலகப் போரின்போது தொடங்கிய உணவுப் பங்கீடு பத்தாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 375 இடங்களில் 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்திருந்தார்கள். திருச்சி நகரிலும் வென்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் எம். கல்யாணசுந்தரம்தான். கம்யூனிஸ்டுகளின் முதல் எதிரி தானே என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தவர் ராஜாஜி. அப்படிப்பட்ட பகைச் சூழலில், பெரும்பான்மைக்கே திண்டாடிக்கொண்டிருந்த அரசு, 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது.

விலை விண்ணைத் தொடும் என்று பலர் அஞ்சினார்கள். நடந்தது வேறு. பத்தாயங்களிலும் கிட்டங்கிகளிலும் முடங்கிக் கிடந்த நெல் சந்தைக்கு வந்தது. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் பின்பலமாக நின்றார். தட்டுப்பாடு வந்தால் மத்திய இருப்பிலிருந்து தானியம் வரும் என்ற உறுதி இருந்தது. நாளைக்கும் அரிசி கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் இன்றைக்குப் பதுக்கி வைக்க யாருக்கும் காரணமில்லை. வயலில் விளைந்தது கூடவில்லை. மக்களின் எதிர்பார்ப்பு மாறியது, அதனால் சந்தைக்கு வந்த நெல் கூடியது.

இதற்கு இணையான நிகழ்வு 1933 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்தது. வங்கிகள் நாடெங்கும் மூடப்பட்டிருந்த நேரம். அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, மீண்டும் திறக்கப்படும் வங்கிகளை நம்பலாம் என்றார். பயந்து எடுத்துப் போன பணத்தை மக்கள் வரிசையில் நின்று திரும்பப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் பேச்சு பலித்ததற்குக் காரணம், அதன் பின்னால் உண்மையான ஏற்பாடு இருந்ததுதான். அமெரிக்காவில் தணிக்கை செய்யப்பட்ட வங்கிகள் இருந்தன. இங்கே மத்திய அரசின் தானிய இருப்பு இருந்தது.

கொதிகலனும் அரிசி வரிசையும்

அந்த வெற்றிக்குப் பின் காங்கிரசுக்கு நல்ல காலம். காமராஜர் ஆட்சியில் பள்ளிகளும் மதிய உணவும் அணைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. 1962 தேர்தலில் 206 இடங்களில் 139 காங்கிரசுக்கு. திருச்சியைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் மிகப் பெரிய கொடை திருவெறும்பூரில் எழுந்தது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் கூட்டுறவோடு அமைந்த பெல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே படைக்கலத் தொழிற்சாலைக்கும் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளம் தரப்போகும் ஆலைகள் அவை. திருச்சியின் இன்றைய நடுத்தர வர்க்கத்தில் பெரும்பகுதி அந்த வாசல்களின் வழியாக வந்ததே.

அதே 1965-ல்தான் பருவமழை பொய்த்தது. 1966-லும் பொய்த்தது. நாட்டின் உணவு தானிய விளைச்சல் 1964-65-ல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன். மறு ஆண்டு அது ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் டன்னாக வீழ்ந்தது. பாகிஸ்தானுடன் போர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டார். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் கப்பல்களில் வந்த கோதுமையும் மைலோச் சோளமும்தான் நாட்டைத் தாங்கின. அந்தக் கப்பல்களை அதிபர் ஜான்சன் மாதாமாதம் யோசித்து யோசித்தே விடுவித்தார்.

அரிசிக்குக் கடுமையான கட்டுப்பாடு திரும்பியது. மாநில எல்லை தாண்டி அரிசி போகக் கூடாது. நெல் விளையும் மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகவும் பர்மிட் வேண்டும். கிழக்கே தஞ்சை, தமிழகத்தின் நெற்களஞ்சியம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். திருச்சி மாவட்டத்திலும் லால்குடி, முசிறி, குளித்தலைப் பக்கம் காவிரிப் பாசனம் உண்டு. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகள் உண்டு. ஆனால் அன்றைய திருச்சி மாவட்டம் என்பது மணப்பாறை, பெரம்பலூர், புதுக்கோட்டை வரை விரிந்த வானம் பார்த்த பூமியும் சேர்ந்தது. ஆற்றங்கரையில் பசேலென்று வயல் தெரிய, ஆலைத் தொழிலாளி வீட்டில் உலை வைக்க அரிசியில்லை. இல்லாமையைவிட, கண்ணெதிரே இருந்தும் கிடைக்காமை மனிதனை அதிகமாகக் கோபப்படுத்தும்.

பதுக்கலை ஒழிக்கவே கட்டுப்பாடு வந்தது. ஆனால் ஒவ்வொரு புதிய உத்தரவும் அடுத்த மாதம் இதைவிட மோசமாகும் என்ற செய்தியையே வீடுகளுக்குக் கொண்டுபோனது. மிராசுதாரர் நெல்லை அரசின் கட்டாயக் கொள்முதலான லெவிக்குக் கொடுக்காமல் மறைத்தார். வியாபாரி இருப்பைக் குறைத்துக் காட்டினார். கையில் காசிருந்த குடும்பம் இரண்டு மாத அரிசியைச் சேர்த்து வாங்கி வைத்தது. காசில்லாத குடும்பம் வரிசையில் நின்றது. 1952-ல் நம்பிக்கை நெல்லை வெளியே கொண்டுவந்தது. 1966-ல் அவநம்பிக்கை அதே நெல்லைத் திரும்பப் பத்தாயத்துக்குள் தள்ளியது.

சிறையில் இருந்த இரு குரல்கள்

இந்த நேரத்தில் திருச்சியின் பசியை நாடாளுமன்றத்தில் பேச வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? 1962-ல் திருச்சித் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போனவர் கே. அனந்தநம்பியார், அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த புதுக்கோட்டையிலிருந்து போனவர் ஆர். உமாநாத். இருவருமே பொன்மலைத் தொழிற்சங்க மண்ணில் வேர் விட்ட கம்யூனிஸ்டுகள். சீனப் போருக்காகப் போடப்பட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் இருவரும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினரைக் கூட்டத்தொடருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கலாமா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1965 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: காவல் செல்லும், உறுப்பினர் என்பதால் தனி உரிமை கிடையாது.

சட்டப்படி அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். அரசியலில் அந்தக் காவல் பெரும் தவறு. விலைவாசியைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிரதிநிதியைச் சிறையில் வைத்திருக்கும் அரசு, அரிசி வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் ஊர் எப்படி நம்பும்? உண்மையான புள்ளிவிவரம்கூட ஆளுங்கட்சியின் வாயிலிருந்து வரும்போது பிரசாரமாகக் கேட்டது. எதிர்க்கட்சியின் வாயை அடைக்கும் அரசு தன் சொல்லின் மதிப்பையும் சேர்த்தே இழக்கிறது. திருச்சி இதை அனுபவித்து அறிந்தது.

மொழிக் காயமும் ஆறவில்லை. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சி ரயில் நிலையத்தருகே தமிழுக்காகத் தீக்குளித்தார். மறு ஆண்டு மாணவர் போராட்டம் மாநிலத்தையே உலுக்கியது. 1967-ன் முடிவை அரிசி மட்டுமே தீர்மானித்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. மொழி இளைஞரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அரிசி அவர்களுடைய தாய்மாரை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தது.

தி.மு.க.வின் வாக்குறுதி

தி.மு.க. தேர்தல் பாதைக்கு வந்ததே திருச்சியில்தான். 1956 மே 17 முதல் 20 வரை இங்கே நடந்த மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்று வந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார் அண்ணா. நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். அடுத்த ஆண்டு குளித்தலையில் நின்று முதன்முறையாகச் சட்டமன்றம் சென்ற மு. கருணாநிதி, நங்கவரம் உழவர்களின் பிரச்சினையைத் தன் கன்னிப் பேச்சில் எழுப்பினார். இந்தப் பகுதியின் வயலும் வயிறும் அக்கட்சிக்குப் புதிய பாடம் அல்ல.

1967 தேர்தலுக்கு அக்கட்சி தந்த வாக்குறுதி எல்லோருக்கும் தெரியும்: ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. முதலமைச்சர் பக்தவத்சலத்தை அண்ணாச்சி என்று விளித்து அரிசி விலை என்னாயிற்று என்று கேட்ட கோஷம் தெருப்பிள்ளைகள் வாயிலும் புகுந்தது. காங்கிரஸ் மேடையில் பேசியவர்கள் அணைகளையும் ஆலைகளையும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. திருவெறும்பூரில் ஆலை நின்றது. எதிர்மேடையில் சொன்னதும் பொய்யில்லை. அடுக்களையில் அரிசி இல்லை. காங்கிரஸ்காரர் ஆலையைப் பார்த்து நாடு முன்னேறுகிறது என்றார். கழகத்தவர் அடுப்பைப் பார்த்து நாடு நாசமாகிறது என்றார். எந்தக் கட்சியிலும் சேராத மனிதர் இரண்டையும் பார்த்துவிட்டு, இன்றைக்கு எது அவசரம் என்று முடிவு செய்தார்.

இந்தப் பார்வைப் பிளவு இன்றும் உலகெங்கும் உண்டு. 2016-ல் அமெரிக்காவில் டிரம்ப் வென்றவுடன், மிச்சிகன் பல்கலைக்கழகம் எடுக்கும் நுகர்வோர் மனநிலைக் கணிப்பில் குடியரசுக் கட்சியினரின் நம்பிக்கை சடாரென்று ஏறியது. ஜனநாயகக் கட்சியினருடையது இறங்கியது. சில வாரங்களில் கடையில் எந்த விலையும் மாறிவிடவில்லை. ஆட்சி மாறப்போகிறது என்பது மட்டுமே புதியது. பொருளாதாரம் பற்றிக் கேட்டால் பலரும் கட்சி பற்றியே பதில் சொல்கிறார்கள். ஆனால் பட்டினி வரும்போது இந்த விசுவாசத்துக்கு எல்லை வந்துவிடுகிறது. 1967-ல் திருச்சியில் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் இந்த எல்லை எளிதில் காணக்கூடியதாக இருந்தது. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வாழ்ந்த குடும்பங்கள் திராவிட இயக்கத்தைத் தங்களுக்கு எதிரானதாகவே நினைத்து வந்தவை. அவர்கள் பெரிதும் மதித்த ராஜாஜி, பர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ஆட்சியை எதிர்த்து 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தார். 1967-ல் அவர் தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார். ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு வாக்களியுங்கள் என்று அவர் சொன்னதாக இன்றும் அங்கே பேசப்படுவதுண்டு. அதே கூட்டணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். 1952-ல் கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்றவர், பதினைந்து ஆண்டுகளில் அனந்தநம்பியாரோடு ஒரே அணியில் நின்றார். கொள்கையில் இந்த மூவருக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. ஆளும் காங்கிரசின் சொல்லை இனி நம்ப முடியாது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள்.

முடிவு தெரிந்ததே. சட்டமன்றத்தின் 234 இடங்களில் தி.மு.க. தனித்தே 137 பெற்றது. நாடாளுமன்றத்துக்கு அது நிறுத்திய 25 பேரும் வென்றார்கள். விருதுநகரில் காமராஜர் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். காவலில் இருந்து விடுபட்ட அனந்தநம்பியார் திருச்சியிலும் உமாநாத் புதுக்கோட்டையிலும் மறுபடி வென்றார்கள். ஆனால் ஒரு கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காங்கிரஸ் பெற்ற வாக்கு சுமார் 41 விழுக்காடு, தி.மு.க. பெற்றது அதைவிட ஒரு துளி குறைவு. தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டுமே நின்றது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அவ்வளவு பஞ்சத்திலும் பத்தில் நான்கு பேர் ஆளுங்கட்சியைக் கைவிடவில்லை. கட்சிப் பற்று அவ்வளவு உறுதியானது. ஆட்சியை மாற்றியவர்கள், அந்தப் பற்று இல்லாத அல்லது அதைத் தாண்டி வந்த மீதிப் பேர்.

நிச்சயம் என்ற சொல்லின் விலை

1967 மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார். மே 15 அன்று ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் மட்டும். திருச்சி காத்திருந்தது. மானியச் சுமையை மாநிலக் கஜானா தாங்கவில்லை. திட்டம் மாநிலம் முழுவதும் பரவாமலேயே பின்வாங்கியது. லட்சியம் எட்டவில்லை; நிச்சயமும் நிலைக்கவில்லை.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது விலையைப் பற்றிச் சொல்வது சுலபம். அந்தச் சொல்லே சந்தையை ஆட்டும் என்பதும், ஆட்சிக்கு வந்தபின் அதே சொல் கடனாக நிற்கும் என்பதும் பிறகுதான் தெரியும். காங்கிரஸ் மக்களின் கஷ்டத்தை ஒப்புக்கொள்ளாமல் நம்பிக்கையை இழந்தது; தி.மு.க. தன் சக்திக்கு மேல் சொல்லி நம்பிக்கையைக் கடனாக வாங்கியது. இரண்டும் பிழைதான். ஆனால் இரண்டாவது பிழையில் ஒரு நன்மை விளைந்தது: அரிசி என்பது அரசின் கடமை என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அதிலிருந்து நழுவ முடியவில்லை.

இடையில் வயலும் கைகொடுத்தது. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல் தஞ்சைக் குறுவையை மாற்றியது; பின்னாலேயே ஐ.ஆர். 8 வந்தது. மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் தொடங்கிவைத்த பசுமைப் புரட்சியின் பலன் அது. அவர் சார்ந்த காங்கிரஸ் தேர்தலில் தோற்றபின் அந்த விளைச்சலின் அரசியல் லாபம் அடுத்த ஆட்சிக்குப் போனது. 1971-ல் தி.மு.க. 184 இடங்களை வென்றது. மூன்று படி வராததை மக்கள் மன்னித்தார்கள். அதோடு சேர்ந்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், 1952-ல் நகரில் வென்ற அதே எம். கல்யாணசுந்தரத்தைத் திருச்சி தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நிலைத்த பதில் 1972-ல் வந்தது: தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். நெல்லை அரசே கொள்முதல் செய்து, அரைத்து, ரேஷன் கடை வரை கொண்டுசேர்க்கும் அமைப்பு. ஆட்சிகள் மாறின, வாணிபக் கழகம் இருந்தது. 1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று சுருக்கியபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் அட்டை என்ற முறையை விடவில்லை. 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி கிடைத்தது. 1967-ன் வாக்குறுதி நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது என்று சொல்லலாம். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த ஒரு ரூபாயும் போனது. 2011 மே மாதம் பதவியேற்ற முதல் நாளிலேயே விலையில்லா அரிசிக் கோப்பில் கையெழுத்திட்டார் ஜெயலலிதா. ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

இந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே. கஷ்ட காலத்தில் எந்தக் கட்சியின் பேச்சும் நம்பிக்கையைப் படைப்பதில்லை. மழை பொய்த்தாலும், ரூபாய் சரிந்தாலும், ஆட்சி கவிழ்ந்தாலும் அடுத்த மாதம் திறந்திருக்கும் என்று மக்கள் அறிந்த கடைதான் அதைப் படைக்கிறது. தேர்தல் வரும், கட்சிகள் மறுபடியும் பொருளாதாரத்தைத் தங்கள் நிறத்தில் வரைந்து காட்டும். வாசகர்களே, அப்போது யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டாம். யார் நிற்கும் அமைப்பைக் கட்டினார், யார் அதைக் காப்பாற்றினார், யார் அதைக் கலைக்கப் பார்க்கிறார் என்று கேளுங்கள். 1967-ல் ரேஷன் வரிசையில் நின்ற திருச்சித் தாய்மார்கள் கேட்ட கேள்வி அதுதான். அவர்கள் கேட்டது சரிதான்.

(தொடரும்)